‘ஒரே ஒரு தடவைதான்’ என்று மூன்று முறை எழுதியிருக்கிறீர்கள்

வாசகர் கேள்வி:

எனக்கு வயது 34. தனியார் பள்ளியில் ஆசிரியை. கணவர் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். திருமணமாகி ஒன்பது வருடம். இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள். கொளத்தூரில் மாமியாரோடு இருக்கிறோம், வீடு அவர் பெயரில். நான்கு மாதத்துக்கு முன்பு, தாம்பரத்தில் கொழுந்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில், ‘பணம் எப்படிப்பா புரட்டினீங்க?’ என்று ஒரு அத்தை கேட்டார். ‘என் நகையையும் வைச்சுத்தான்’ என்று சொல்லிவிட்டேன். சொந்தக்காரர்கள் எல்லார் முன்னாலும் கணவர் என்னைக் கன்னத்தில் அறைந்தார். ஒரே ஒரு தடவைதான். அதற்கு முன்பு கோபம் வந்தால் சாப்பாட்டுத் தட்டை வீசுவார், என் மேல் பட்டதில்லை. குடிப்பழக்கம் கிடையாது. என் சம்பள ஏடிஎம் கார்டு கல்யாணமானதிலிருந்து அவரிடம்தான், எங்கள் வீட்டில் அது வழக்கம். அன்று இரவு, ‘அந்த இடத்துல ஏன் அப்படிப் பேசினே? எனக்கு எவ்வளவு டென்ஷன் தெரியுமா?’ என்று கேட்டார். ‘ஒரே ஒரு தடவைதான், மனசுல வைச்சுக்காதே’ என்கிறார் மாமியார். சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்ட என் அப்பாவே ‘அனுசரிச்சுப் போம்மா’ என்கிறார்.

போன மாதம் வீட்டில் ‘தப்பட்’ (கன்னத்தில் விழும் அறை என்று பொருள்) என்ற இந்திப் படம் பார்த்தோம். பாதியில் கணவர் எழுந்து டிவியை அணைத்துவிட்டார். ‘ஒரு அறைக்கு டைவர்ஸா?’ என்றார். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. ஒரே ஒரு தடவைதான் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். நான் பெரிதுபடுத்துகிறேனா? போலீசுக்குப் போனால் அவர் வேலை போய்விடுமா? அவரை ஜெயிலுக்கு அனுப்பும் எண்ணம் எனக்கு இல்லை. விவாகரத்து வேண்டுமா என்றும் இப்போது சொல்லத் தெரியவில்லை. அப்படியானால் நான் என்னதான் செய்வது?

பெயர் வேண்டாம், சென்னை

வழக்கறிஞர் பதில்:

சகோதரிக்கு,

‘ஒரே ஒரு தடவைதான்’ என்பது உங்கள் கடிதத்தில் மூன்று இடத்தில் வருகிறது. அதற்கு நடுவே, போகிறபோக்கில், வேறு சில விஷயங்களையும் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். கோபம் வந்தால் தட்டு பறக்கும். உங்கள் சம்பளக் கார்டு ஒன்பது வருடமாக அவர் கையில். உங்கள் நகை கொழுந்தனார் வீட்டுக்காக அடகில். வக்கீல் கண்ணுக்கு அறைக்கு முன்னால் தெரிவது இவைதான். குடும்ப வழக்கு நடத்துகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: எதிரில் வந்து உட்காரும் பெண், அடி விழுந்த நாளைத் தேதி, கிழமையோடு சொல்வார். காசு தன் கையில் இருந்ததே இல்லை என்பதை நாம் கேட்டால்தான் சொல்வார். அதையும் ‘எல்லார் வீட்டிலும் அப்படித்தானே மேடம்’ என்பார்.

ஆகவே முதல் கேள்விக்குப் பதில்: நீங்கள் பெரிதுபடுத்தவில்லை. குறைத்துத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் இல்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் வந்தது, 2006 அக்டோபர் 26 முதல் அமலில் இருக்கிறது. அதன் 3-ஆம் பிரிவு உடல்ரீதியானது, பாலியல்ரீதியானது, சொல்லாலும் மனத்தாலும் செய்வது, பொருளாதாரரீதியானது என்று வன்முறையை நான்காக வகைப்படுத்துகிறது. இத்தனை தடவை அடித்தால்தான் வன்முறை என்று அதில் எங்கும் கணக்கு இல்லை. ஒரு செயலே போதும். உங்களுக்குச் சொந்தமான பணத்தை நீங்கள் எடுக்க முடியாமல் செய்வதும், உங்கள் சீதன நகையை உங்கள் விருப்பமில்லாமல் அடகு வைப்பதும் பொருளாதார வன்முறை. மனமார ஒப்புக்கொண்டுதான் நகையைக் கழற்றிக் கொடுத்தீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. அதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். மனமாரக் கொடுத்திருந்தாலும், கொடுத்ததை வெளியே சொன்னதற்கு அடி விழுந்திருக்கிறதே, அது எதற்கு? அந்த அத்தையிடம் நீங்கள் சொன்னது பொய்யென்று இதுவரை யாரும் சொல்லவில்லை.

படத்துக்கு வருகிறேன். 2020-இல் அனுபவ் சின்ஹா இயக்கத்தில் டாப்ஸி நடித்து வந்தது. கணவனுக்கு லண்டனில் பெரிய பதவி கிடைத்ததைக் கொண்டாடும் விருந்து. அதற்கு நடுவிலேயே ஆபீஸ் அரசியலில் தனக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று அவனுக்குத் தெரியவருகிறது. மேலதிகாரியோடு சண்டை போடுகிறவனை இழுத்து நிறுத்தப் போகிற மனைவியின் கன்னத்தில் அறை விழுகிறது. அவள் விவாகரத்துக் கேட்கிறாள். ‘ஒரு அறைக்கு டைவர்ஸா?’ என்று உங்கள் கணவர் கேட்டதை அந்தப் படத்தின் பாத்திரங்களே ஆளாளுக்கு வேறு வேறு சொற்களில் கேட்கிறார்கள். அவர் தனியாக ஒன்றும் கண்டுபிடித்துவிடவில்லை.

என் பார்வையில் அந்தப் படத்தின் பலம் அறை விழும் காட்சியில் இல்லை, அதற்கடுத்த நாட்களில் இருக்கிறது. அதில் யாரும் மீசை முறுக்கும் வில்லன் கிடையாது. அவன் பேசுகிறான், நிறையப் பேசுகிறான். ஆனால் பேச்சு முழுக்கத் தன் வேலை, தன் அவமானம், தன் ஏமாற்றம். அவளுக்கு என்ன ஆனது என்ற கேள்விக்கு அந்தப் பேச்சில் இடமே இல்லை. இப்போது உங்கள் கணவர் அன்று இரவு சொன்னதை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாக்கியத்தில் உங்கள் தப்பு, இரண்டாவதில் அவருடைய டென்ஷன். மன்னிப்பு எங்கே என்று உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தும் தேடினேன். கிடைக்கவில்லை. நான்கு மாதத்தில் ஒரு நாள்கூட ‘உன்னை அடிச்சது தப்பு’ என்று அவர் சொல்லவில்லை என்றால், உங்களுக்குத் தூக்கம் வராததற்குப் படம் காரணம் இல்லை.

படத்தில் அந்த வீட்டில் வேலை செய்யும் பெண் புருஷனிடம் அடிக்கடி அடிவாங்குகிறவள். அந்தப் பாத்திரத்தை அங்கே வைத்தது நல்ல யோசனை. ‘தினம் தினம் வாங்குறவங்களே குடும்பம் நடத்துறாங்க, உனக்கு ஒண்ணுதானே?’ என்ற வாதம் நம் ஊரில் அடிக்கடி கேட்பது. அடியைத் தராசில் போட்டு, இன்னொரு பெண்ணுக்கு விழுந்ததைவிட உனக்கு எடை குறைவு என்று சொல்வது. கோர்ட் வராந்தாவில் சமாதானம் பேச வரும் பெரியவர்கள் இதைக் கூசாமல் சொல்வார்கள்.

ஒரு வகையில் அந்தக் கதாநாயகிக்கு அதிர்ஷ்டம், அவளுடைய அப்பா அவள் பக்கம் நிற்கிறார். உங்கள் அப்பா ‘அனுசரிச்சுப் போ’ என்கிறார். கடிதத்தில் என்னை அதிகம் உறுத்திய வரி அதுதான். புரோகிதரும் சடங்கும் இல்லாமல், இருவர் ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்டதாக உறவினர், நண்பர் முன்னிலையில் சொன்னாலே அது செல்லுபடியாகும் திருமணம் என்று அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவு வந்தது அப்படித்தான். அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்று அதிலேயே சொன்னார்கள். அந்த மேடையில் நின்றவருக்கு மனைவி என்றால் சமமான துணை என்று யாரும் புதிதாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை. மகள் என்று வரும்போது பயம் முந்திக்கொள்கிறது. பேத்தியின் படிப்பு, சம்பந்தி வீட்டு வாய், ‘திரும்பி வந்துட்டா’ என்று பேசப்போகும் தெரு. அவரோடு சண்டை வேண்டாம். ‘அப்பா, நான் உங்களிடம் தீர்ப்புக் கேட்கவில்லை. ஒரு ராத்திரி எனக்குப் பயமாக இருந்து, குழந்தையோடு வந்தால் கதவைத் திறப்பீர்களா?’ என்று மட்டும் கேளுங்கள். எனக்குத் தெரிந்தவரை இந்தக் கேள்விக்கு முடியாது என்று சொல்லும் அப்பாக்கள் குறைவு. அம்மாவிடமும் தனியாகக் கேட்டு வையுங்கள்.

மாமியாரைப் பற்றி நீங்கள் கோபமாக எழுதவில்லை, அது நல்லதே. 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் ஏழு காரணங்களைச் சொல்லி, இவற்றில் எதற்காவது கணவன் மனைவியை அடிக்கலாமா என்று கேட்டார்கள். சொல்லாமல் வெளியே போவது, சமையல் சரியில்லாதது, எதிர்த்துப் பேசுவது, மாமனார் மாமியாரை மதிக்காதது என்று போகிறது அந்தப் பட்டியல். நாடு முழுக்க, ஒரு காரணத்துக்காவது அடிக்கலாம் என்று சொன்ன ஆண்கள் 44 விழுக்காடு, பெண்கள் 45 விழுக்காடு. அதே கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறையை அனுபவித்தவர்கள், இந்திய சராசரியோ 29. படிப்பிலும் வேலையிலும் முன்னால் நிற்கிற மாநிலம் என்று நாம் மார்தட்டிக்கொள்ளும்போது இந்த எண்ணையும் பக்கத்தில் எழுத வேண்டும். உங்கள் மாமியார் இளம் மருமகளாக இருந்தபோது அவருக்கு யாராவது ‘உன் மேல் கை வைத்தது தப்பு’ என்று சொல்லியிருப்பார்களா என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, என்ன செய்யலாம்?

இதில் பெரும்பாலோருக்கு ஒரு குழப்பம் இருக்கிறது. வெளியே போனால் அது விவாகரத்து, இல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டு இருப்பது, இரண்டே வழிதான் என்று நினைக்கிறார்கள். சினிமாவும் அதையே சொல்கிறது, இரண்டரை மணி நேரத்தில் ஒரு முடிவு வந்தாக வேண்டுமே. நான் சொன்ன 2005-ஆம் ஆண்டுச் சட்டம் விவாகரத்துச் சட்டமே இல்லை. மனைவியாக, அதே வீட்டில், அதே கணவரோடு இருந்துகொண்டே ‘என்மேல் கை வைக்கக் கூடாது, என் கார்டைத் திருப்பித் தர வேண்டும், என்னை வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது’ என்று மாஜிஸ்திரேட்டிடம் உத்தரவு வாங்க முடியும். 18-ஆம் பிரிவில் பாதுகாப்பு உத்தரவு, 19-இல் குடியிருப்பு உத்தரவு, 20-இல் பணம், 21-இல் குழந்தை, 22-இல் நஷ்ட ஈடு. அவசரமென்றால் 23-இன்படி இடைக்கால உத்தரவு. எதிர்த்தரப்பைக் கேட்பதற்கு முன்பேகூட அதைக் கொடுக்கலாம். விவாகரத்தைப் பற்றி இந்த வருடம் நீங்கள் யோசிக்கவே வேண்டாம், அந்தக் கதவு எங்கும் ஓடிப்போகாது.

‘நான்கு மாதம் ஆகிவிட்டதே’ என்று உள்ளூர நினைத்திருந்தால் அதையும் விடுங்கள். சம்பவம் நடந்த ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும் என்ற கெடு இதற்குப் பொருந்தாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன வழக்கு அது.

போலீஸ், ஜெயில், வேலை. மேலே சொன்ன மனுவால் யாரும் கைதாவதில்லை. நீதிமன்றம் கொடுத்த பாதுகாப்பு உத்தரவை அவர் மீறினால்தான் அது குற்றம். அப்போது 31-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மனு போட்டது மட்டுமே ஒருவரைக் குற்றவாளி ஆக்காது, அதனால் அவர் வேலையை நினைத்து நீங்கள் பயந்து ஒதுங்கத் தேவையில்லை. ஊரெல்லாம் 498-ஏ என்று தெரிந்து வைத்திருக்கிறார்களே, இப்போது இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 85-ஆம் பிரிவு, அது வேறு. அது கிரிமினல் வழக்கு, மூன்றாண்டு வரை சிறை. தற்கொலைக்கோ பலத்த காயத்துக்கோ தள்ளும் அளவுக்கான கொடுமை, அல்லது சொத்து, பணம் கேட்டுச் செய்யும் துன்புறுத்தல் என்று அதற்கு வரையறை இருக்கிறது. நீங்கள் எழுதியிருக்கும் ஓர் அறையை மட்டும் வைத்து அந்தப் பிரிவில் வழக்கு நிற்பது கடினம். நகையை வாங்கியதற்குப் பின்னால் மிரட்டலும் நச்சரிப்பும் இருந்தால் கதை மாறும். அறைக்கு மட்டும் என்றால் அதே சன்ஹிதாவில் காயப்படுத்துவதற்கான 115(2). அதில் மாஜிஸ்திரேட் அனுமதி இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. உங்கள் விருப்பம் ஜெயில் இல்லை என்பதால், நீங்கள் போக வேண்டிய வழி பாதுகாப்புச் சட்டம்தான்.

அதற்காகக் காவல் நிலையத்தை மறந்துவிடவும் வேண்டாம். நாட்டுக்கே முன்மாதிரியாகப் பேசப்பட்ட அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் 1992-இல் இதே சென்னையில், ஆயிரம்விளக்கில்தான் தொடங்கின. உங்கள் சரகத்து மகளிர் நிலையத்தில் எழுத்தில் மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது (மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை) கேட்டு வாங்குங்கள். ‘கூப்பிட்டுப் பேசி அனுப்பிடறோம்மா’ என்பார்கள். சில நேரம் அந்த ஒரு பேச்சே வேலை செய்யும், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ‘இனி பிரச்சினை இல்லை, மனுவைத் திரும்பப் பெறுகிறேன்’ என்று எழுதிய தாளில் வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டால் நகல் வாங்காமல் வராதீர்கள்.

போலீஸ் வாசலே வேண்டாம் என்றால் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். சமூக நலத் துறையின் கீழ் வருபவர். ராஜாஜி சாலை கலெக்டர் அலுவலகத்தில் விசாரித்தால் உங்கள் பகுதிக்கு யார் என்று சொல்வார்கள். நீங்கள் சொல்வதைக் குடும்ப நிகழ்வு அறிக்கையாக எழுதி நீதிமன்றத்துக்கு அனுப்புவது அவர் வேலை. அவருக்கு நேரமில்லை என்றாலும் மனு நிற்காது, நேரடியாகவும் போடலாம். மனு தாக்கலானால் மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, 60 நாளில் முடிக்க முயற்சி என்று சட்டப் புத்தகம் சொல்கிறது. நடைமுறையில் மாதக்கணக்கில் இழுக்கும், வாய்தா மேல் வாய்தா வரும். அதனால்தான் இடைக்கால உத்தரவை முதல் நாளே கேட்க வேண்டும் என்று எல்லோரிடமும் வலியுறுத்துகிறேன்.

வீடு மாமியார் பெயரில் இருப்பது உங்களை அதிகம் பயமுறுத்துகிறது என்று தோன்றுகிறது. ‘வீடு எங்கம்மா பேர்ல, நீ வெளியே போ’ என்று சொன்னால் முன்பு பெண்கள் நிஜமாகவே பெட்டியோடு நிற்க வேண்டியிருந்தது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. கணவரின் உறவினருக்குச் சொந்தமான வீடானாலும், நீங்கள் இருவரும் குடும்பமாக வாழ்ந்த வீடென்றால் அங்கே தங்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அந்த உரிமையால் வீடு உங்களுக்குச் சொந்தமாகிவிடாது, மாமியாரை வெளியேற்றவும் சட்டம் விடாது. அவருக்கும் வயதான காலத்தில் நிம்மதியாக இருக்க உரிமை இருக்கிறது. ஒத்துவரவில்லை என்றால் அதே தரத்தில் வேறு வீடோ வாடகையோ ஏற்பாடு செய்ய உங்கள் கணவருக்கு உத்தரவிடலாம்.

நகைக்கும் கார்டுக்கும் நீதிமன்றம்வரை போகத் தேவையில்லாத வேலை கொஞ்சம் இருக்கிறது. பிறந்த வீட்டில் போட்ட நகை, திருமணத்தில் உங்களுக்கு வந்த பரிசு எல்லாம் உங்கள் சொத்து. கணவரோ மாமியாரோ அதைப் பாதுகாத்து வைத்திருப்பவர்கள் மட்டுமே என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. நகைக்கடை ரசீதுகள் அப்பாவிடம் இருக்கலாம். கல்யாண ஆல்பத்தில் எந்த ஃபோட்டோவில் எந்த நகை என்று குறித்து வையுங்கள். அடகுச் சீட்டு யார் பெயரில், எந்தக் கடையில் அல்லது வங்கியில், எத்தனை சவரன் என்பதை ஃபோட்டோ எடுத்து வையுங்கள். கார்டு விஷயம் இன்னும் சுலபம். வங்கிக்கு நேராகப் போய் பழைய கார்டை முடக்கிவிட்டுப் புதுக் கார்டு கேட்டால் கொடுப்பார்கள். அல்லது உங்கள் பெயரில் வேறு கணக்கு தொடங்கி, அடுத்த மாதச் சம்பளம் அதில் விழும்படி பள்ளி அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். இதை வீட்டில் சொல்லிவிட்டுச் செய்வதா, செய்துவிட்டுச் சொல்வதா? உங்கள் கணவரின் கோபத்தை என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். அவர் என்ன செய்வாரோ என்று வயிறு கலங்கினால், அந்தக் கலக்கத்தையே ஒரு தகவலாக எடுத்துக்கொண்டு முதலில் வக்கீலையோ பாதுகாப்பு அலுவலரையோ பாருங்கள்.

சாட்சி யார் என்று கேட்பீர்கள். சொந்தக்காரர்கள் ‘நான் அந்தப் பக்கம் பார்க்கலையே’ என்பார்கள், அவர்களை நம்ப வேண்டாம். கிரகப்பிரவேசத்துக்கு வீடியோ எடுத்தவர் ஒருவர் இருந்திருப்பார் அல்லவா? ஆல்பம் கொடுத்த பிறகு மொத்தப் பதிவையும் அழித்துவிடுவார்கள், இப்போதே விசாரியுங்கள். அன்றிரவு அம்மாவுக்கோ தோழிக்கோ வாட்ஸ்அப்பில் ஏதாவது எழுதியிருந்தால் அதை அழிக்காதீர்கள், அந்த ஃபோனை எக்ஸ்சேஞ்சில் போடாதீர்கள். இனி ஒரு முறை அடி விழுந்தால் (விழக் கூடாது) அரசு மருத்துவமனைக்குப் போய் யார் அடித்தது என்பதைச் சொல்லி ஏ.ஆர். காப்பி (காயத்தைப் பதியும் விபத்துப் பதிவேட்டின் நகல்) கேளுங்கள். ‘பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்’ என்று சொல்லிப் பதிவாகும் காயத்தை வைத்துப் பின்னால் எந்த வக்கீலும் ஒன்றும் செய்ய முடியாது.

விவாகரத்தைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். பின்னால் எப்போதாவது அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்றால், இந்து திருமணச் சட்டத்தில் கொடுமை என்பது ஒரு காரணம், 13(1)(ஐ-ஏ). நீதிமன்றம் ஓர் அறையைத் தனியாக எடுத்துப் பார்க்காது, ஒன்பது வருட வாழ்க்கையை மொத்தமாகப் பார்க்கும். படத்தைப் பார்த்துவிட்டு நேராகக் குடும்ப நல நீதிமன்றம் போனால் அங்கே முதலில் கவுன்சலரிடம்தான் அனுப்புவார்கள். இருவரும் ஒப்புக்கொண்டால் 13-பி இருக்கிறது, ஒரு வருடம் பிரிந்திருந்த பிறகு. எந்த வழியானாலும் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். ‘எனக்கு உங்க காசு எதுவும் வேண்டாம், மானம் போதும்’ என்று எழுதிக் கொடுக்காதீர்கள். திரையில் அப்படிச் சொல்லிவிட்டு எழுந்து போகிற பெண்ணுக்குக் கைதட்டல் விழும். நிஜத்தில் ஆறு மாதம் கழித்து ஸ்கூல் ஃபீஸ் கட்டும் நாள் வரும். ஜீவனாம்சமும் குழந்தையின் செலவும் பிச்சை இல்லை. உங்கள் ஒன்பது வருடச் சம்பளமும் உழைப்பும் அந்த வீட்டுக்குள்தான் போயிருக்கின்றன.

கணவரோடு பேசும் எண்ணம் உங்களுக்கு இருப்பது கடிதத்தில் தெரிகிறது. பேசுங்கள். மாமியார், கொழுந்தனார் சூழ்ந்திருக்கும்போது வேண்டாம், அவர் ஆபீஸிலிருந்து வந்த களைப்பிலும் வேண்டாம். உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடித்தது தப்பு என்று, ‘ஆனா’ சேர்க்காமல் சொல்ல வேண்டும். அடித்தது எல்லார் முன்னாலும் என்றால் தப்பை ஒப்புக்கொள்வதும் அந்தத் தம்பி வீட்டிலாவது நடக்க வேண்டும். கார்டு திரும்ப வர வேண்டும். நகை எப்போது மீளும் என்று தேதி வேண்டும். இருவரும் ஒரு மனநல ஆலோசகரைப் பார்க்க அவர் சம்மதிக்க வேண்டும். இதில் அவர் எதற்கு எரிச்சல்படுகிறார் என்று கவனியுங்கள். மன்னிப்புக் கேட்கத் தயாராக இருந்து கார்டை மட்டும் தர மறுக்கும் ஆண்கள் உண்டு. அப்படிப்பட்ட மன்னிப்பை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மகளிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், பார்த்திருப்பாள். ‘அப்பா செஞ்சது தப்பு, உன் மேலயோ என் மேலயோ தப்பு இல்லை’ என்றால் போதும்.

சில அடையாளங்கள் தெரிந்தால் இந்தப் பேச்சுவார்த்தையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு உடனே கிளம்ப வேண்டும். கழுத்தில் கை வைப்பது. ‘கொளுத்திடுவேன்’, ‘குழந்தையோட சாவு’ என்ற மாதிரிப் பேச்சு. ஃபோனைப் பிடுங்குவது, அறையில் வைத்துப் பூட்டுவது. நீங்கள் பிரிந்துபோகப் பேசுகிறீர்கள் என்று தெரிந்ததும் கண்காணிப்பு கூடுவது. இப்படி ஏதாவது இருந்து, கடிதத்தில் எழுதாமல் விட்டிருந்தால் 181-ஐக் கூப்பிடுங்கள். இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். உயிருக்கே ஆபத்து என்றால் 112. ‘சகி’ என்று பெயர் வைத்திருக்கும் ஒருங்கிணைந்த சேவை மையங்களில் ஐந்து நாள் வரை குழந்தையோடு தங்கலாம். போலீஸ், வக்கீல், மருத்துவ உதவிக்கு அவர்களே ஏற்பாடு செய்வார்கள். உங்கள் ஆதார், மகளின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றுகள், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகலைப் பள்ளியில் நம்பகமான ஒரு சக ஆசிரியையிடம் இன்றே கொடுத்து வைப்பதில் தவறில்லை.

வக்கீல் ஃபீஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கார்டு உங்கள் கையில் இல்லாதபோது அது பெரிய கேள்விதான். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி எந்தப் பெண்ணுக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச வக்கீல் உண்டு. மாநில ஆணைக்குழு உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது, 15100 என்ற எண்ணிலும் பேசலாம். பாரிமுனையில் பஸ் இறங்கி நடக்கிற தூரம். பள்ளிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, அடகுச் சீட்டின் ஃபோட்டோவையும் கடைசி ஆறு மாத வங்கிக் கணக்கு விவரத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். அந்தக் கணக்கு விவரத்தை வங்கியில் உங்களுக்குத்தான் தருவார்கள், கணக்கு உங்கள் பெயரில் இருக்கிறது.